பாட் தாய் செய்யும் முன் ஒரு வார்த்தை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்தின் வறுத்த நூடுல்ஸான பாட் தாய் செய்ய எங்களிடம் அரிசி நூடுல்ஸ் வாங்கிப் போகிறவர்களில் பலர் அடுத்த முறை வரும்போது சொல்லும் குறை ஒன்றுதான்: "வாணலியில் போட்டதும் களி மாதிரி ஆகிவிட்டது." வேறு பிராண்டு இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். பிராண்டை மாற்றத் தேவையில்லை. நூடுல்ஸை முன்கூட்டியே வேகவைத்து வடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கோதுமை நூடுல்ஸைக் குளூட்டன் என்ற புரதம் கட்டிப் பிடித்திருக்கும். அரிசியில் அது கிடையாது. கொதிநீரில் ஒருமுறை வெந்த அரிசி நூடுல்ஸ், வாணலியில் இரண்டாம் முறை வேகும்போது குழைந்து உடையத்தான் செய்யும். அதனால் சாதாரணப் பச்சைத் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவையுங்கள். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். ஒடியாமல் வளைய வேண்டும். கடித்தால் உள்ளே இன்னும் விறைப்பு தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு வாணலியில், சாஸிலேயே நடக்கும். வெறும் தண்ணீரைக் குடிக்க வேண்டிய நூடுல்ஸ் புளியையும் மீன் சாஸையும் குடித்து வேகும். தாய்லாந்துக் கடைகளில் கிடைக்கிற சுவை அப்படித்தான் உள்ளே இறங்குகிறது.

நூடுல்ஸ் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில், தட்டையாக இருக்கட்டும். அங்கே இதைச் 'சென் சான்' என்பார்கள். 'சான்' என்பது அந்நாட்டின் தென்கிழக்கில் உள்ள சந்தபுரி மாகாணத்தைக் குறிக்கும். நூல் போன்ற சேமியா வகை இதற்கு ஆகாது.

இருவருக்கு 120 கிராம் நூடுல்ஸ் போதும். அதற்கான சாஸ்: பனை வெல்லம் 35 கிராம், கெட்டிப் புளிக்கரைசல் 4 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி. வெல்லத்தைச் சிறு தீயில் உருக்கி, பொன்னிறம் கொஞ்சம் கூடியதும் மற்ற இரண்டையும் ஊற்றிக் கரையவிட்டு இறக்குங்கள். நம் பழைய புளிக்குப் புளிப்பு அதிகம். 3 மேசைக்கரண்டியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். தாய்லாந்தின் பெட்சபுரியில் நம் பனை மரத்திலிருந்தே வெல்லம் காய்ச்சுகிறார்கள். ஆனால் அது வெளிர் நிறம், மென்மையான வாசனை. நம் கருப்பட்டியைப் போட்டால் அதன் மணம் மற்றதையெல்லாம் மூடிவிடும். கருப்பட்டிதான் இருக்கிறது என்றால் பாதி கருப்பட்டி, பாதி சர்க்கரை. தக்காளி கெச்சப் மட்டும் வேண்டாம். அதில் வரும் சிவப்பும் புளிப்பும் வேறு ஏதோ பண்டத்துக்கு உரியவை.

வாணலியில் கிளறும் முறை சீனக் குடியேறிகளோடு வந்தது. புளி, பனை வெல்லம், மீன் சாஸ் ஆகியவை அந்த மண்ணின் ருசி. சயாம் 1939-இல் தாய்லாந்து என்று பெயர் மாறியபோது பிரதமராக இருந்தவர் பிபுன் சோங்கிராம். நூடுல்ஸ் சாப்பிடும்படி அவரது அரசே மக்களை ஊக்குவித்தது. இந்தப் பண்டம் நாடெங்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி அடுப்பு. வீட்டு அடுப்பின் தீ தெருக்கடைத் தீக்கு ஈடாகாது. நான்கு பேருக்கு ஒரே வாணலியில் குவித்தால் சூடு இறங்கி எல்லாம் புழுங்கிப் போகும். ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு அளவுதான் ஒரு தடவைக்கு. எண்ணெயில் இறாலைப் புரட்டி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டி டோஃபு (சோயா பன்னீர்), காய்ந்த சிறு இறால், பொட்டலத்தில் வரும் பதப்படுத்திய இனிப்பு முள்ளங்கி வதங்கட்டும். முள்ளங்கியை விட்டுவிடாதீர்கள், இடையிடையே பல்லில் நறுக்கென்று கடிபடும் உப்பும் இனிப்பும் அதிலிருந்துதான் வருகிறது. பிறகு நூடுல்ஸ், சாஸ். சாஸ் வற்றியும் நூடுல்ஸ் விறைப்பாக இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். வெந்ததும் ஓரமாக ஒதுக்கி, காலி இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, பாதி இறுகியபின் சேர்த்துப் புரட்டுங்கள். எடுத்துவைத்த இறால், முளைவிட்ட பாசிப்பயறு, வெங்காயத்தாள் ஆகியவை அடுப்பை அணைக்கும் நேரத்தில் போதும். வறுத்து உடைத்த வேர்க்கடலை, மிளகாய்த்தூள், எலுமிச்சைத் துண்டு தட்டில்.

சைவர்கள் மீன் சாஸுக்குப் பதில் வெளிர் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும் சேர்க்கலாம். காய்ந்த இறாலும் வேண்டாம். விருந்தினரில் யாருக்காவது வேர்க்கடலையோ இறாலோ ஒவ்வாது என்றால், சமைக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த இறால் கண்ணில் படாமல் கலந்துவிடும்.

பிரித்த முள்ளங்கிப் பொட்டலத்தையும் காய்ந்த இறாலையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முள்ளங்கி மிகவும் உப்பாக இருந்தால் நறுக்கியபின் ஒருமுறை அலசிப் பிழிந்து போடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கடைக்கு வரும்போது கேளுங்கள். புளிக்கரைசலின் பதத்தைக் கரைத்தே காட்டுகிறோம்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடையினர்