கறுப்புக் கோட்டு போடாத அட்வகேட்

நியூ ஜெர்சி
அக்டோபர் 14

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் பதில் தட்டிவிடச் சொல்கிறாள் மகள். இவ்வளவையும் கட்டைவிரலால் தட்ட என்னால் ஆகாது. உன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் ஒரு டாக்டரைப் பார். மாடி வீட்டை விட்டுக் கீழே வந்தது நல்ல காரியம். இங்கே மரமெல்லாம் சிவந்து கொட்டுகிறது. காலையில் நடக்கப் போனால் குளிர் காதைக் கடிக்கிறது.

பேரன் கவின் எப்படியிருக்கிறான் என்று கேட்டிருந்தாய். ஏழு முடிந்துவிட்டது, இரண்டாம் வகுப்பு. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்களே, அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்காரர்களோடு என் மகள் பட்ட பாட்டை ஃபோனில் கேட்டபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. இந்தத் தடவை பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வந்த இரண்டாவது வாரம், “அம்மா, சனிக்கிழமை அட்வகேட் வீட்டுக்கு வர்றாங்க” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தின் மேல் கேஸ் போடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். நம் பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டும் கக்கத்தில் கட்டுமாக நிற்பார்களே, அதுதான் கண்ணுக்குள் வந்தது. வந்தவரோ அறுபது வயது அம்மா. கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு தடித்த ஃபைல். வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. அவருடைய மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவனுக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். இப்போது மற்ற பெற்றோர்களுக்கு அதையே தொழிலாகச் செய்கிறார். பள்ளிக்கூடத்தோடு பேசும்போது பெற்றோருக்குத் துணை நிற்கிற இப்படிப்பட்டவரையும் இங்கே அட்வகேட் என்றுதான் சொல்கிறார்கள். வழக்கு என்று போனால் வக்கீலிடம்தான் போக வேண்டும், அது தன் வேலையில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மணிக்கு 125 டாலர். நம் பென்ஷனைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

இங்கே 1975-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதற்கு முன் குறைபாடுள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்ததாம், அமெரிக்காவிலேயே! அந்தச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். ஐ.இ.பி. என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து அதைத் திருத்தி எழுத வேண்டும். எழுதுகிற குழுவில் அப்பா அம்மாவும் உறுப்பினர்கள். கேட்டுவிட்டுத் தலையாட்ட வந்தவர்கள் இல்லை, உறுப்பினர்கள். இதை அந்த அம்மா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் என் மகளுக்கு உறைத்தது. அவளைக் குறை சொல்லி என்ன? வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி வளர்த்தவளே நான்தானே.

அன்றைக்கு நாலு மணி நேரம் சாப்பாட்டு மேசையில் ஒரே காகிதமாக இருந்தது. மூன்று வயதிலிருந்து வந்த அறிக்கைகள், தேர்வுத் தாள்கள், டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகள் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினார். பழையது மேலே, புதியது கீழே. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் தேதி. “வேறு ஏதாவது சோதனை செய்யச் சொல்லிப் பள்ளியில் கேட்டீர்களா?” என்றார். பையன் பென்சில் பிடிக்கத் திணறுகிறான், சோதித்துப் பாருங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக மகள் சொன்னாள். எப்படிக் கேட்டாய் என்றதற்கு, காலையில் பிள்ளையை விடும்போது வாசலில் வைத்து டீச்சரிடம் கேட்டேன் என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. வாயால் கேட்டால் நாள் கணக்கே தொடங்காது, எழுதிக் கொடுத்தால் இந்த மாநிலத்தில் 20 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். அங்கேயே உட்கார வைத்து எழுத வைத்தார். ஆறே வரி. கோபமான ஒரு வார்த்தையை அவள் எழுதியதும் அதை மட்டும் அடிக்கச் சொன்னார்.

மீட்டிங்குக்கு நானும் போனேன். பிள்ளையைப் பற்றி அறிந்த யாரையும் பெற்றோர் கூட்டிவரலாம் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறதாம். அந்த ஒரு வரியில்தான் அந்த அம்மாவும் உள்ளே வந்தார், நானும் வந்தேன். எதிர்ப்பக்கம் ஆறு பேர்: பள்ளி மனநல நிபுணர், கற்றல் குறைபாட்டு ஆசிரியை, சமூகப் பணியாளர், வகுப்பு டீச்சர், சிறப்பாசிரியை, ஸ்பீச் தெரபிஸ்ட். எல்லாரும் நல்லவர்களாகத்தான் சிரித்தார்கள். ஆறு பேர் நல்லவர்களாகச் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா முதல் வேலையாகக் கவினின் ஃபோட்டோ ஒன்றை எடுத்து மேசை நடுவில் சாய்த்து வைத்தார். ஊஞ்சலில் வாய் கொள்ளாமல் சிரிக்கிறானே, அந்தப் படம். அப்புறம் முக்கால் மணி நேரம் அவர் பேசியது நாலைந்து தடவை இருக்கும். “அதை எதை வைத்து அளந்தீர்கள்?”, “அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?” அவ்வளவுதான்.

ஒரு இடம் மட்டும் சொல்கிறேன். ஸ்பீச் தெரபி வாரம் இரண்டு தடவை, தனியாக, அரைமணி நேரம் என்று போன வருஷத் திட்டத்தில் இருந்தது. புதியதில் வாரம் ஒரு தடவை, அதுவும் குழுவாக. அதற்குப் பக்கத்தில் “தேவைப்பட்டால் கூடுதல் உதவி” என்று ஒரு வரி. என் மகள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டாள்! அந்த அம்மா பென்சில் நுனியை அந்த ‘தேவைப்பட்டால்’ மேல் வைத்து, யாருக்குத் தேவைப்பட்டால், அதை முடிவு செய்வது யார் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு வருஷத்துத் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குறிக்கோள் என்று எழுதியிருந்தது கமா கூட மாறாமல் அதே வரி. ‘கவின் தன் தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்வான்.’ நாமும் பாடக்குறிப்பு எழுதியவர்கள்தானே எஸ்தர், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதியதில்லையா? எனக்கு முகம் சுட்டது. அந்த வரி கடைசியில் இப்படி மாறியது: உதவி வேண்டும்போது படஅட்டை காட்டியோ வாயால் சொல்லியோ, ஐந்தில் நான்கு தடவை தானாகக் கேட்பான்.

கொலராடோவில் கவின் மாதிரியே ஒரு ஆட்டிசப் பையன். வருஷா வருஷம் அதே குறிக்கோளைத் தூக்கிப் போட்டார்கள் என்று பெற்றோர் வழக்குப் போட்டு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2017-ல் எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில், ஏதோ கொஞ்சம் முன்னேறினான் என்பது போதாது, அவன் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்களாம். காரில் திரும்பும்போது அந்த அம்மா சொன்னது இது. உள்ளே அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. சட்டம் பேசினால் எதிரே இருப்பவர் வக்கீலைக் கூப்பிடுவார், பையனைப் பற்றிப் பேசினால் பையனைப் பற்றிப் பேசுவார் என்றார்.

என்னைப் பேச வைத்ததும் அவர்தான். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், பையன் குழம்புகிறான் என்று போன வருஷம் பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். மகள் இதை என்னிடம் மறைத்துவிட்டாள். ‘இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை’ என்று அறிக்கையில் இருந்தது. எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிள்ளையின் தாய்மொழியையும் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். “ஆச்சி வா, தோசை வேணாம், கதவு திற” என்று அவன் சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். ஸ்பீச் தெரபிஸ்ட் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு சொல் சேர்த்து அவன் பேசுகிறவனாகப் பதிவானது என் வாய் வழியாகத்தான்.

முடிவில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மகள் பேனாவை எடுத்துவிட்டாள். அந்த அம்மா அவள் கையைத் தொட்டு, “வந்ததற்கு மட்டும்” என்றார். வருகைக்குக் கையெழுத்து வேறு, சம்மதத்துக்குக் கையெழுத்து வேறு. ஆனால் முதல் திட்டத்துக்குத்தான் பெற்றோர் சம்மதம் கட்டாயமாம். மற்ற வருஷங்களில் 15 நாளுக்குள் சமரசப் பேச்சோ விசாரணையோ கேட்காமல் சும்மா இருந்தால் இங்கே திட்டம் தானாக நடைமுறைக்கு வந்துவிடும். கையெழுத்துப் போடாததால் தப்பித்தோம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் என்றார்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. தெரபி பழையபடி இரண்டு தடவை ஆனது, ஒன்றுதான் தனியாக. வகுப்பில் அவன் கூடவே இருக்க ஒரு உதவியாளர் கேட்டதற்கு இல்லை என்றுவிட்டார்கள். பணம்தான் காரணம். கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்று 1975-ல் வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசு சொன்னது, ஒரு வருஷம்கூட அந்த அளவை எட்டவில்லையாம்.

அட்வகேட் என்று பலகை மாட்ட இங்கே லைசென்ஸ் எதுவும் வேண்டாம் என்பதும் எனக்கு உறுத்தியது. யாரும் மாட்டலாம், பணம் பறிக்கலாம். காசில்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் அரசுப் பணத்தில் பெற்றோர் மையம் ஒன்றாவது உண்டு, இங்கே ஸ்பான் என்று பெயர். ஃபோனில் இலவசமாக வழி சொல்கிறார்கள். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற ஆளுக்கு என் மகள் 125 டாலர் கொடுக்க முடிந்தது, கொடுக்க முடியாதவளும் அதே வாசலில் நிற்கிறாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1998 ஜூன், அட்மிஷன் நேரம். ஸ்டாஃப் ரூமில் நீயும் நானும் பாரம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். முருகன்குறிச்சிப் பக்கம் பூக்கட்டுகிற ஒரு அம்மா பையனைக் கூட்டி வந்தாளே, நினைவிருக்கிறதா? பேச்சு வராது, கையை ஆட்டிக்கொண்டே இருப்பான். அவள் முந்தியில் முடிந்திருந்த ஒரு டாக்டர் சீட்டை எடுத்துப் பிரித்து நீட்டினாள். நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இதுக்கெல்லாம் தனி ஸ்கூல் இருக்கும்மா, இங்க வச்சிக்கிட்டா மத்த பிள்ளைங்க படிப்புக் கெட்டுப்போகும்” என்றேன். பாளையங்கோட்டையில் காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் பள்ளி உண்டு. இவனுக்கு எது? அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் சீட்டைத் திரும்பவும் முந்தியில் முடிந்துகொண்டு, “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

1995-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது, பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்று. எனக்கு அது தெரியாது. தெரிந்த ஒரு ஆள் அவள் பக்கத்தில் நின்றிருந்தால், அந்தச் சீட்டை நான் வாங்கிப் படித்திருப்பேன். இப்போது 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடு, ஆட்டிசமும் உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 9 திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அதற்குள் எனக்கு ஒரு காரியம் செய். பாப்பாத்தியிடமோ பழைய வாட்ச்மேனிடமோ கேட்டுப் பார், அந்தப் பூக்கார அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாளா என்று. அந்தப் பையனுக்கு இப்போது முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். அவன் பெயர் என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
கோமதி