சுமதிக்கு, மிமாவைப் பற்றி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பண்ருட்டி அண்ணன் பலாப்பழம் அனுப்பியிருந்தார், தெருவுக்கே சுளை கொடுத்தும் தீரவில்லை. வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்தாலும் எனக்கு வேலை முடியவில்லை. ஆல்பமும் வீடியோ எடிட்டிங்குமாகக் குவிந்து கிடக்கிறது. சரி, இதெல்லாம் இருக்கட்டும். உன் மகள் பாப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு வருகிறேன்.

பாவாடை தாவணியும் தலை நிறைய மல்லிகையுமாக அவள் பாடிய அந்த முருகன் பாட்டு வீடியோவை எங்கள் தெருவில்கூட எல்லோரும் பார்த்தார்கள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது இருக்குமா? இப்போது முடியை வெட்டிக்கொண்டு ஒரு வெப் தொடரில் நடித்துவிட்டாள் என்பதற்காக, அன்றைக்கு ‘தங்கமே’ என்று எழுதியவர்களே வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள் என்கிறாய். அவளுடைய பழைய படங்களை வைத்து யாரோ ஒரு போலிக் கணக்கு நடத்துகிறார்கள், அதற்குத்தான் கூட்டம் அதிகம் என்றும் எழுதியிருக்கிறாய். அதெல்லாம் கோபம் வரவேண்டிய விஷயம்தான். ஆனால் அடுத்த வரியில் நீ எழுதியதைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்: “அந்தப் போலி எழுதுவதைப் படித்தால்தான் என் பழைய பாப்பா பேசுவதுபோல இருக்கிறது.”

உடனே எனக்கு ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் ஞாபகம் வந்தது. தம்பி மகன் அனிமேஷன் படிக்கிறான் இல்லையா, லீவுக்கு வந்தபோது அவன் போட்டுக் காட்டினான். ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ என்று பெயர். பொம்மைப்படம்தானே என்று குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்த்துவிடாதே. கொலை, ரத்தம், பெண்ணுக்கு நேரும் வன்முறை எல்லாம் இருக்கிறது, பெரியவர்களுக்கான படம். சதோஷி கோன் என்பவர் இயக்கிய முதல் படம் இது. மேட்ஹவுஸ் என்ற ஸ்டுடியோ 1997-ல் எடுத்தது, 81 நிமிடம்தான். யோஷிகாஸு தகேயுச்சியின் நாவல்தான் மூலம். முதலில் ஆட்களை வைத்தே எடுப்பதாக இருந்ததாம். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் போய் அனிமேஷனாக மாறியிருக்கிறது. கோன் 2010-ல் 46 வயதிலேயே கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார். இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டிய மனிதர்.

கதை இதுதான். மிமா என்ற பெண் மூன்று பேர் பாடும் ஒரு பாட்டுக் குழுவில் இருக்கிறாள். அங்கே இப்படிப் பெண்களை ‘ஐடல்’ என்பார்கள். பாட்டும் ஆட்டமும் மட்டும் போதாது, ரசிகன் மனதில் எப்போதும் வெகுளிப் பெண்ணாகவே இருந்தாக வேண்டும். அவள் குழுவை விட்டு விலகி நடிகையாகப் போகிறாள். முதல் மேடைக் காட்சியிலேயே ஒன்று வரும். காவலுக்கு நிற்கும் ஒரு ரசிகன் தூரத்திலிருந்து தன் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பான். அவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் மிமா அவன் கையில் ஏறி நின்று ஆடுவதுபோல இருக்கும். அவள் பாட்டுக்குத் தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள், அவனுக்கு அவள் கைக்குள் இருக்கிறாள். கட்அவுட்டுக்குப் பாலூற்றுகிற ஊரில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கையை அவள் விட்டு இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

அப்புறம் ‘மிமாவின் அறை’ என்று இணையத்தில் ஒரு நாட்குறிப்பு வருகிறது. மிமாவே எழுதுவதுபோல யாரோ எழுதுகிறார்கள். ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவாள், கடையில் என்ன வாங்கினாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதலில் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அட, நம்மை இவ்வளவு கவனித்திருக்கிறார்களே என்கிற சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. நாள் போகப்போக, இன்றைக்குத் தான் எங்கே போனோம், என்ன செய்தோம் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். எனக்குக் குலைநடுங்கியது இங்கேதான், கொலைகளில் இல்லை. போலி தன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறது. இவளுக்குக் குழப்பம் இருக்கிறது, பயம் இருக்கிறது, நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறாள், ஏனென்றால் உயிரோடு இருக்கிறாள். போலிக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. உன் பழைய பாப்பாவும் அந்தக் கணக்கில் இப்படித்தான் பிசிறில்லாமல் பேசுவாள், சுமதி.

தொழில்காரியாக இன்னொன்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோவில் மண்டபத்திலிருந்து கோயிலுக்குப் போகிறோம் என்றால், நடுவே கோபுரத்தையோ ரோட்டையோ ஒரு ஷாட் வைப்பேன். பார்க்கிறவர்கள் தடுமாறக் கூடாது. கோன் அந்தக் கோபுர ஷாட்டை எல்லா இடத்திலும் பிடுங்கிவிடுகிறார். மிமா யாரிடமோ அழுது பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று ‘கட்’ என்று குரல் வரும், அது படப்பிடிப்பு. படுக்கையில் விழித்தெழுவாள். அடுத்த காட்சியும் விழிப்பிலேயே முடியும், எது கனவென்று நமக்கே தெரியாது. ஆட்களை வைத்து எடுத்திருந்தால் ஒரு வேஷத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நடிகையின் முகம் நமக்குக் கொஞ்சமாவது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நிஜ மிமா, டிவி தொடரில் அவள் நடிக்கும் பெண், பழைய மேடை உடையோடு வந்து ‘நான்தான் மிமா’ என்று சொல்கிறவள், எல்லோரும் ஒரே பென்சில் கோடு, ஒரே வண்ணம். எதை நம்புவது? அந்தத் தொடரில் அவளுக்கு முதலில் கிடைப்பது ஒரே ஒரு வசனம்: “நீங்க யாரு?” அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறாள்.

அந்தத் தொடருக்காகவே ஒரு பலாத்காரக் காட்சியில் நடிக்க ஒப்புக்கொள்கிறாள். எதையும் அப்பட்டமாகக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற காட்சி என்று நினைத்துவிடாதே. நடுவில் கேமராவை நிறுத்துகிறார்கள். விளக்குச் சரிசெய்கிறார்களோ என்னவோ, ஆட்கள் அப்படியே இருக்க வேண்டும். அவள்மேல் கவிழ்ந்திருக்கும் அந்த நடிகன் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்கிறான். பரவாயில்லை என்கிறாள். மறுபடி கேமரா ஓடுகிறது, மறுபடி கத்துகிறாள். வீட்டுக்கு வந்தால் தொட்டியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. அப்போதுதான் உடைந்து அழுகிறாள். யாருக்குப் பிடிக்கும் இதில் நடிக்க, ஆனால் தனக்காகப் பாடுபட்டவர்களுக்குக் கஷ்டம் கொடுக்க முடியுமா என்று. மற்ற நேரமெல்லாம் அவள் சிரித்த முகம்தான்.

போன மாதம் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். அன்றைக்குத் துகில் கூத்து. துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கற்பூரம் ஏற்றினார்கள். திரௌபதி வேஷம் கட்டியிருந்த அந்த மனிதரின் காலில் துச்சாதனன் விழுந்து கும்பிட்டார். கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. நானும் கேமராவைத் தாழ்த்திவிட்டேன், அதை எடுக்க மனசு வரவில்லை. பிறகுதான் மத்தளம் மறுபடி முழங்கியது. விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போனால், திரௌபதி தேங்காய் எண்ணெயைத் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு, துச்சாதனனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்கிறார்கள், பார்த்தாயா? கூத்தில் அதை ஊரே பார்க்கக் கேட்கிறார்கள். நடக்கப்போவது எவ்வளவு கொடுமை என்று எல்லோருக்கும் தெரிகிறது, அந்த மனிதர் ஒரு வேஷம் தாங்குகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிகிறது. உள்ளே போக ஒரு திரை இருக்கிறது, வெளியே வர எண்ணெய் இருக்கிறது. கூத்துக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. நல்ல வேஷக்காரரை வேஷப் பெயராலேயே காலம் முழுக்கக் கூப்பிடுகிற ஊர்தான் நம்முடையதும். ஆனால் மிமாவிடம் கேட்கப்படும் மன்னிப்பு இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற முணுமுணுப்பு. அவள் வேஷத்தைத் துடைத்துவிட்டு வரும் வழியையெல்லாம் அந்த நாட்குறிப்பும் ரசிகர்களும் அடைத்துவிட்டார்கள்.

முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான். அந்த நாட்குறிப்புக்குப் பின்னால் அவளுடைய மேனேஜர் ரூமி இருக்கிறாள். தானும் ஒரு காலத்தில் ஐடலாக இருந்தவள். மிமாவை மற்ற எல்லோரையும்விட அதிகமாக நேசித்தவள். அந்தக் காட்சி எடுக்கும்போது பார்க்கத் தாங்காமல் கண்ணீரோடு எழுந்து போகிறவளும் அவள்தான். அவள் அழுதது பொய்யில்லை. பழைய மிமாதான் நிஜம், இப்போது கண்ணெதிரே இருப்பவள் அவளைக் கெடுத்தவள் என்று அந்த அன்புதான் அவளை நம்பவைத்தது. கடைசித் துரத்தலில் ரூமி மேடை உடையில் காற்றில் மிதப்பதுபோல ஓடி வருவாள், கண்ணுக்கு இளம் மிமாவாகவே தெரிவாள். கடைக் கண்ணாடியில் மட்டும் மூச்சுவாங்கிக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் ஓடுவாள். கோன் அவளை அரக்கியாக வரையவே இல்லை. எதிரே வரும் லாரி வெளிச்சத்தை மேடை விளக்கென்று நினைத்துக் கை விரித்து நிற்கிறவளை மிமாதான் பாய்ந்து காப்பாற்றுகிறாள்.

சுமதி, நீ ரூமி இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருந்தால் நான் என்ன சிநேகிதி? பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனது நீ, அந்த வீடியோவை எடுத்தது நீ, நேற்றுவரை அவள் கணக்கைப் பார்த்துக்கொண்டது நீ. அந்தத் தாவணிப் பெண்ணில் உன் பங்கு நிறைய இருக்கிறது. உனக்கு அவளை விட மனசு வராது. வெளி ஆட்கள் திட்டுவதை உன் மகள் தாங்கிக்கொள்வாள். அம்மாவும் போலியின் பக்கம் நின்று ‘அவள்தான் என் பொண்ணு’ என்றால் அவள் எங்கே போவாள்? உன்னிடம் பேசும்போது அவள் சிரித்துக்கொண்டே ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சிரிப்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

போலிக் கணக்கை இன்றைக்கே புகார் செய்யுங்கள். முதலில் அந்தத் தளத்திலேயே ஆள்மாறாட்டம் என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். அந்தக் கணக்கை வைத்து யாரிடமாவது பணம் பறித்திருந்தால் அது ஆள்மாறாட்ட மோசடி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. எல்லாப் பதிவுகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. புகாரை மட்டும் அவளே எழுதட்டும், அவள் வார்த்தையில். நீ திருத்திக் கொடுக்காதே.

அந்த வெப் தொடரை நான் பார்த்தேன். இரண்டாவது எபிசோடில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் காட்சியில் அசந்துபோனேன். பாட்டில் எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும் என்று சின்ன வயதில் படித்தது வீண்போகவில்லை, அந்த மௌனத்தில் அது இருக்கிறது. நீ இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் அதைப் பார். ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’வைப் பிறகு பார்க்கலாம். அவளோடு சேர்ந்து பார்ப்பதானால் அந்த நடுக்காட்சியைப் பற்றி முன்பே சொல்லிவிட்டு, அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போடு.

ஆடியில் எனக்கு முகூர்த்த வேலை இருக்காது. இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம், ஒருநாள் புதுச்சேரிக்கும் போய் வரலாம். அவள் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது, போன் போகவில்லை. என் நம்பரை அவளிடம் கொடு, அவளுக்குத் தோன்றும்போது கூப்பிடட்டும்.

அன்புடன்,
கலா