ஒரு புரட்டுப் புரட்டினால் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் கல்வி இணைப்பில் நீட் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஆலோசனை வந்திருந்தது. அதில் பாதி பயிற்சி மையத்தின் விளம்பரம். போகட்டும், பத்திரிகையும் நடக்க வேண்டுமே. மீதிப் பாதியில் ஒரு வரி: 'இயற்பியலின் அடிப்படைகளைக் கடைசிப் பத்து நாளில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். சூத்திரம் கைவசம் இருந்தால் மதிப்பெண் தானாக வரும்.' இதைப் படித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் 32 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். நீங்கள் புரட்டுவது என்கிறீர்கள், நாங்கள் திருப்புதல் என்போம். திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி இரண்டு வருஷம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள். எந்தப் பள்ளி, எவ்வளவு கட்டினோம் என்பதெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளை இரண்டு எருமையை விற்றார், அது போதும். படிப்பு முடிந்து பெட்டியோடு வந்து இறங்கியதும் அவளுடைய பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சகத்தில் வெட்டிய ஓரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தைப் பிரித்தால் சரக் சரக்கென்று சத்தம் வருகிறது. இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியிருக்கிறார்கள். நம் பகுதியில் இது ஊரறிந்த ரகசியம், தங்களுக்குத் தெரியாததா? நீட்டில் இயற்பியலுக்கு 45 கேள்வி, 180 மார்க். பாடத்திட்டத்தின் 20 அலகுகளில் முதல் 10, அதாவது விசை, வேலை, சுழற்சி, வெப்பம், அலை எல்லாம் பிளஸ் ஒன்னில் வருவது. அந்தப் பிள்ளை எதைப் புரட்டும்?

இந்தப் புத்தாண்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரின் அழுத்தத்தைச் சொல்லும் பெர்னௌலி சமன்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் கிணற்றில் பாதி ஆழத்தில் பாறையைத் திட்டாக வெட்டித்தான் மோட்டார் வைத்திருக்கிறோம். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அப்புச்சி, மோட்டாரை மேலயே வெச்சிருந்தா ரிப்பேருக்கு எறங்கி ஏற வேண்டாமில்ல?" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூத்திரப் புத்தகம் படித்தவள் கேட்ட முதல் கேள்வி அது!

மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை கண்ணு, குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது என்றேன். அந்தக் காற்றால் 10.3 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. நம் கணக்கில் 34 அடி. குழாய் உராய்வு, குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வு ஒழுகல் எல்லாம் போக 20, 25 அடி கிடைத்தால் பெரிது. அதற்காகத்தான் மோட்டார் உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அதே 10.3 மீட்டர்தான் பாதரசமானால் 760 மில்லிமீட்டர். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி 120, 80 என்று சொல்வதும் இந்தக் கணக்குத்தான், டிரிப் பாட்டிலைத் தலைக்கு மேலே தொங்கவிடுவதும் இதே காரணத்துக்குத்தான் என்றதும் அவள் கிணற்றைவிட்டு நகரவில்லை.

அப்புறம் 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்தாள். 20 விநாடியில் நிரம்பியது. விநாடிக்கு 10 லிட்டர், அதாவது 10 கிலோ. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தொட்டி 20 மீட்டர். 10 கிலோ, பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் 10, பெருக்கல் உயரம் 20, ஆக 2,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்றால் 2.7 வருகிறது. "நம்ம மோட்டார் 5 ஹெச்பி ஆச்சே, மீதி எங்க போச்சு?" என்று அவளே கேட்டு, பயனுறுதிறன் என்ற பாடத்துக்கு அவளே போய்ச் சேர்ந்தாள். இதற்கு ஒரு காலைப்பொழுது முழுதாக ஆனது. உங்கள் பத்து நாள் கணக்கில் இதை எந்த மணியில் வைப்பது என்று அந்தக் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

செய்முறை வேறு இருக்கிறது. 2024 பாடத்திட்டத்தில் 20-வது அலகே செய்முறைத் திறன்கள்தான். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவியைப் பேத்தி கையில் கொடுத்தேன், தலைகீழாகப் பிடித்தாள். சுழிப்பிழை, அதாவது கருவி சுழியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத பிழை, என்றால் என்ன என்று கேட்டால் வரையறை மட்டும் சுத்தமாக வருகிறது. அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கருவிகள் பீரோவுக்குள், பீரோ சாவி தலைமை ஆசிரியரிடம், தலைமை ஆசிரியர் எப்போதும் மீட்டிங்கில். பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம்தான் தூசி தட்டுவோம்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2007-இல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு போனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்லதே, இன்றைக்கும் அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் 2016 வரை பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவ இடம் என்றானதும் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் விட்டவர்களில் ஆசிரியர்களும் உண்டு. 2017-இல் நீட் வந்து தலையில் விழுந்தபோதுதான் விழித்தோம். 2018-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். அப்பாடா, இனியாவது புத்தகத்தைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். 2025-26 முதல் அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைகிறதாம். விடுதிப் பள்ளிகளுக்குத்தான் பாரம் குறைந்தது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அதே 2018-இல் நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் தரச் சொல்லியும் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அப்போது தாங்கள் எழுதிய தலையங்கத்தை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஒரு சொல் பிழையானால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை பிழையாகும் என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அருமையான தலையங்கம். போன வார இணைப்பைத் தயாரித்தவர்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஏனென்றால் அந்தப் பக்கத்தின் மூலையில், 'கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டியவை' என்று ஒரு மஞ்சள் கட்டம். அதில் மூன்றாவது வரி: 'எடை: கிலோகிராம்.' ஐயா, கிலோகிராம் நிறைக்கு. எடை ஒரு விசை, அதற்கு நியூட்டன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கிலோ கணக்கில் எடை போடுகிறோமே என்று உங்கள் உதவி ஆசிரியர் கேட்கலாம். மண்டியில் தாராளமாகப் போடட்டும். நீட்டில் போட்டால் 4 மார்க் வராது, கையில் இருப்பதில் 1 மார்க்கும் பிடித்துக்கொள்வார்கள். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய என் அப்பா மூன்றாவதோடு நின்றவர். மாடுகள் இறக்கத்தில் போனால் அவற்றின் எடையும் சேர்ந்து இழுத்துத் தண்ணீர்ச் சால் மேலே வரும் என்று, மாடுகள் நடக்கும் வாரியை அதற்குத் தகுந்த சரிவில் வெட்டி வைத்திருந்தார். எடை இழுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'எடையின் அலகு நியூட்டன் என்றிருக்க வேண்டும்' என்று வரும் இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். போன தடவை நான் சுட்டிக்காட்டிய பிழைக்குத் திருத்தம் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கு அடியில் வந்தது, என் கடிதத்தில் பாதியும் காணாமல் போயிருந்தது. இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் கிணற்றுப் பகுதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள். பேத்தி கத்தரித்து ஒட்டி வைக்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்