ஹார்ப்சிகார்டைக் காப்பாற்றிய அம்மாவுக்கு நன்றி

நேற்று இடைவேளையில் மேடையேறி உதவிய அம்மா, உங்கள் பெயர் எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பதிவாவது உங்கள் கண்ணில் படட்டும்.

பியானோ போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழங்கால ஐரோப்பிய வாத்தியம் ஹார்ப்சிகார்ட். விளக்குச் சூட்டில் அதன் சுருதி இறங்குவது எங்களுக்குப் பழக்கம்தான். மறுபடி, பழைய ஐரோப்பிய இசைக்கு வழக்கமான 415 ஹெர்ட்ஸ் சுருதிக்குக் கூட்டிவிடுவோம். ஆனால் தந்தியை மீட்டும் இறகு முள் ஒடிந்தால் அந்தக் கட்டையே ஊமை. நீங்கள் சின்னக் கத்தியால் புது இறகை இழை இழையாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் கட்டையை அழுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டீர்கள். கொஞ்சம் தடித்தாலும் ஒலி முரடாகும், மெலிந்தால் எழும்பாது. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது!

மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கைக்குப் போய்விட்டீர்கள். அப்புறம் வந்த மெதுவான பகுதியில் முழுக் குழுவும் அந்த ஒரு வாத்தியத்தை நம்பித்தான் வாசித்தது.

மனமார்ந்த நன்றி. சீசனின் மீதிக் கச்சேரிகளுக்கு எங்கள் விருந்தினராக அவசியம் வாருங்கள்.