பழைய செங்கல் சுவருக்கு நாங்கள் ஏன் சிமென்ட் பூசுவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகப் போனில் ஒரே கேள்விதான். "தாத்தா காலத்துச் செங்கல் சுவர், அங்கங்கே பொரிந்து கொட்டுகிறது, மேலே சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் வேலை முடிந்துவிடும், நீங்கள் ஏன் சுண்ணாம்பு, பாயிண்டிங் (கல் இடுக்கில் கலவை அடைப்பது) என்று இழுக்கிறீர்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பதிலுக்கு முன்னால் ஒரு பழைய செங்கல் சுவரைப் பார்ப்போம். சென்னை பாரிமுனைப் பக்கம் போனால் ராஜாஜி சாலையில் ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் கட்டடத்துக்கு எதிரே கொஞ்சம் நின்று பாருங்கள். விக்டோரியா ராணி ஆட்சியில், 1897-இல், பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டி முடித்த கட்டடம் அது. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் வேலை பார்த்த அதே ஜோடி. 1921-இல் இம்பீரியல் பாங்க், 1955-இல் ஸ்டேட் பாங்க் என்று போர்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது, சுவர் அதேதான்.

வெளியே வளைவுகளும் கோபுரங்களுமாக இந்தோ சாரசனிக் பாணி, அதாவது முகலாய, ராஜபுத்திர அழகு. உள்ளேயோ அந்தக் கால லண்டன் வங்கிக்கு வேண்டிய அத்தனையும்: நடுவில் உயரமான கூடம், கனத்த சுவர், பகல் வெளிச்சத்திலேயே பேரேடு எழுத வசதி. பணம் போட வருகிறவனுக்கு வாசலிலேயே ஒரு நம்பிக்கை வர வேண்டும் என்பதுதான் அன்றைய வங்கிகளின் கணக்கு. (கட்டடத்தை மட்டும் பார்த்து நம்பினால் ஆகாது என்பது வேறு விஷயம், 1906-இல் அர்பத்நாட் கம்பெனி என்ற மெட்ராஸ் வங்கி கவிழ்ந்தபோது இதே ஊர்க்காரர்கள்தான் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள்.)

எங்கள் தொழிலுக்கு முக்கியமான சங்கதி அந்தச் செங்கல். அதற்கு முந்தைய மெட்ராஸ் கட்டடங்கள் பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, பளிங்கு மாதிரி தேய்த்து, வெள்ளையாகப் பளபளத்தவை. பூச்சு இருந்தால் உள்ளே கல் கோணலாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. செங்கல்லை அப்படியே சிவப்பாக வெளியில் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் ஒளிக்க இடமே இல்லை: நன்றாக வெந்த, ஒரே அளவுக் கல் வேண்டும், ஜாயின்ட், அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கலவை அடைத்த இடுக்கு, மெல்லிசாக, கோடு பிடித்த மாதிரி ஓட வேண்டும், வளைவில் ஒவ்வொரு கல்லும் நடுவைப் பார்த்துச் சாய்ந்து உட்கார வேண்டும். அந்த வேலைக்கு நின்ற கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எனக்கு அது ஒரு குறைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துச் சுவரில் கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் கலவை. மழை ஈரமும் அடியிலிருந்து ஏறும் ஓதமும் அந்த ஜாயின்ட் வழியாகத்தான் வெளியேறிக் காயும். கடற்கரையை ஒட்டிய பகுதியென்றால் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். உப்பு ஜாயின்டில் பூத்தால் ஜாயின்ட்தான் உதிரும், அதைச் சுரண்டிப் புதிதாக அடைத்துக்கொள்ளலாம். மேலே சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து, காயக் காயப் பெருத்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். ரெண்டு மூணு மழைக்குப் பூச்சு வெளியே அழகாகத்தான் இருக்கும், அப்புறம் ஒருநாள் பூச்சோடு சேர்ந்து கல்லும் பாளம் பாளமாகக் கையோடு வரும். போன கல்லை எங்கே தேடுவது? அந்த அளவில் இன்று சூளையில் யாரும் அறுப்பதில்லை.

முன்னே சொன்ன வங்கிக் கட்டடத்தில் 2014 ஜூலையில் தீப்பிடித்து மேல்தளம் நன்றாகவே அடிபட்டது. ஆனால் செங்கல் சுவர் நின்றது.

எனவே நாங்கள் செய்வது இதுதான். பழைய ஜாயின்டை மெஷின் வைக்காமல் உளியால் எடுப்போம், ஜாயின்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழமாவது. புளிக்க வைத்த சுண்ணாம்பில் சலித்த மணல் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு அடைப்போம், பிறகு பல நாள் ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காய விடுவோம். ஆள் கூலி அதிகம்தான், மறுக்கவில்லை. சிமென்ட் பூச்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தமில்லை.

சுண்ணாம்பு இறுகுவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டால் எல்லாம் கரைந்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வேலை எடுப்பதில்லை. தை பிறந்ததும் வேண்டுமென்றால் இப்போதே சுவரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஒரு கல்லின் நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்து சேர்த்து அனுப்பினால் எஸ்டிமேட் சீக்கிரம் போட்டுவிடலாம். அதுவரை சுவரில் பிரைமர், வாட்டர் புரூஃப் என்று எதையும் அடித்து வைக்காதீர்கள், அதைச் சுரண்டி எடுக்கத் தனிக் கூலி ஆகும்.

இப்படிக்கு,
பழைய வீட்டு வேலைக்காரர்கள், மண்ணடி