பெண்ணுக்கு .410 என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் வாத்து வேட்டைக்குப் போக விரும்பும் தமிழருக்காகச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உரிமம், பாதுகாப்பு வகுப்பு, வேட்டைப் பயிற்சி, பறவைகளுக்கான மத்திய அரசின் அனுமதிச்சீட்டு எல்லாவற்றையும் கட்டுரையாளர் ஒழுங்காகச் சொல்லியிருந்தார். ஆனால் சன்னம் என்ற சின்னக் குண்டுகளைச் சிதறவிடும் ஷொட்கன் துவக்குகளில் எதை வாங்குவது என்ற இடம் வந்ததும், ஆண்களுக்கு 12 கேஜ், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் .410 என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். (கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண். எண் கூடினால் குழல் ஒடுங்கும். .410 இன்னும் ஒடுங்கியது.) ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள எனக்கு அந்த ஒரு வரியோடு சண்டை பிடிக்க நிறைய இருக்கிறது.

முதலில் .410. மெல்லிய குழல், சுடும்போது தோளில் படும் உதை குறைவு. உண்மைதான். ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவுக்குள் இருக்கும் சன்னம் அரை அவுன்ஸ், மிஞ்சினால் அதைவிடக் கொஞ்சம் கூட. 20 கேஜ் தோட்டாவில் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் இருக்கும். சன்னம் குறையக் குறைய அது பரவும் வட்டத்தில் இடைவெளிகள் பெருகும். பறவை அந்த இடைவெளிக்குள் அகப்பட்டால் ஒரு சன்னம் பட்டு, சாகாமல், நாணலுக்குள் போய் விழும். நீண்ட காலம் சுட்டுப் பழகியவர் தம் திறமையைச் சோதித்துப் பார்க்க எடுக்கும் துவக்கு அது. பழகத் தொடங்குபவரிடம், அதுவும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக, அதை நீட்டுவது எனக்கு விளங்கவில்லை. சின்ன உடம்புக்காரருக்கு வாத்து வேட்டைக்கு நான் சொல்வது 20 கேஜ்தான்.

கேஜைவிடப் பெரிய விடயம் அளவு. விசையிலிருந்து பிடங்கின் (தோளில் வைக்கும் பின்பகுதியின்) அடிவரை உள்ள நீளம் கடைகளில் நிற்கும் பெரும்பாலான துவக்குகளில் 14 அங்குலம் அல்லது 14½ அங்குலம். நடுத்தர உயரமுள்ள ஆணை மனதில் வைத்துச் செய்த நீளம் அது. எனக்கு 13 அங்குலத்துக்கு மேல் போனால் கழுத்தை நீட்டி, முதுகைப் பின்னால் வளைத்துத்தான் பிடிக்க முடியும். அப்படிப் பிடித்தால் பிடங்கு தோள் குழியில் உட்காராது, கைச்சதையில்தான் இடிக்கும். புதிதாகச் சுடும் பெண்கள் "உதை தாங்க முடியவில்லை" என்று சொல்வதில் பாதி இந்த நீளத்தின் குற்றம் என்றே நினைக்கிறேன்.

கடைக்குப் போனால் விற்பனையாளர் ஒரு வித்தை காட்டுவார். முழங்கையை மடக்கச் சொல்லி, பிடங்கின் அடியை அந்த மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார். எட்டினால் "சரியான அளவு" என்று சீட்டு எழுதத் தொடங்கிவிடுவார். அது முன்கையை மட்டும் அளக்கிறது. கழுத்தின் நீளம், கன்ன எலும்பு, தோளின் அகலம், மேலே போட்டிருக்கும் சட்டை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. வாத்துப் பருவம் செப்ரெம்பர் கடைசியில் தொடங்கினாலும் நல்ல வேட்டை குளிர் வந்த பிறகுதான். ஓகஸ்ற் மாதத்தில் மெல்லிய சட்டையோடு போய் அளந்தால் நவம்பரில் தடித்த அங்கியோடு அதே துவக்கு நீண்டுவிடும். அங்கியைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சரியான சோதனை இது. துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். ஆளில்லாத சுவர்ப் பக்கம் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, கன்னத்திலும் தோளிலும் வசதியாகப் படும்படி துவக்கை ஏற்றுங்கள். பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் நுனியில் உள்ள மணி நேர் நடுவில் தெரிய வேண்டும். குழலின் மேற்பரப்பு கொஞ்சமாகத் தெரியலாம். பின்பக்கத்து இரும்பு மட்டும் தெரிந்து மணி மறைந்தால் கன்னம் பதியும் விளிம்பு உங்களுக்குத் தாழ்வு. குழல் முழுவதும் ஏறுபாதை மாதிரித் தெரிந்தால் உயரம். மூக்குக்கும் பெருவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் உதையில் சொந்தக் கையே மூக்கில் குத்தும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வன்னியில் என் அப்பா வயற் பரணில் துவக்கோடு காவல் இருந்தவர். பன்றி நெல்லுக்குள் நிற்கும், அப்பா குழலைப் பரண் கம்பில் சாத்தி, ஆறுதலாகக் குறிபார்ப்பார். அங்கே பிடங்கு ஓர் அங்குலம் கூடினாலென்ன, குறைந்தாலென்ன? "துவக்கு என்றால் துவக்குதான்" என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்த அனுபவத்தில். பறக்கும் வாத்துக்கு அது சரிவராது. ஷொட்கன்னில் பின்குறி கிடையாது, சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் உயர்ந்து பதிந்தால் 40 கெஜத்தில் சன்னம் நாலு அங்குலத்துக்கு மேல் விலகிப்போகும்.

எந்தக் கண் ஆள்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இரண்டு கையாலும் சிறு துளை அமைத்து அதன் வழியாகத் தூரத்து மின்கம்பத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் இடம் மாறாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆட்சி இருந்தால் இடத்தோளில் பழகுவது நல்லது. அப்படிப்பட்டவருக்கு மொஸ்பேர்க் 500 என்ற துவக்கு வசதி, தவறி வெடிக்காமல் தடுக்கும் அதன் பாதுகாப்புப் பொத்தான் மேலே நடுவில் இருக்கிறது. ரெமிங்ரன் 870 அருமையான துவக்குதான், ஆனால் அதன் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிறது. வலக்கைக்காரரை நினைத்து வைத்தது.

பெண்களுக்கு இன்னொன்று. பிடங்கின் அடி எந்தச் சரிவில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆணின் நெஞ்சுக்கு ஏற்ற சரிவு என்றால் அதன் கீழ்முனை எங்களுக்கு மார்பில் குத்தும். ஆண்கள் எழுதும் ஆலோசனைகளில் இது பெரும்பாலும் வராது, அவர்களைக் குறைசொல்லியும் பயனில்லை. துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தால் சரிவை மாற்றி, மரத்தைக் குறைத்து, ரப்பர் அடி பொருத்தித் தருவார். நீண்டதை வெட்டலாம். இளையோருக்கென்று வரும் குட்டைப் பிடங்குத் துவக்குகளும் உண்டு. சிலவற்றின் நீளத்தை இடைத்தகடு வைத்துக் கூட்டலாம்.

வாங்க முன் சுட்டுப் பாருங்கள். உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வை செய்தால், உரிமம் இல்லாதவரும் சாதாரண வேட்டைத் துவக்கைச் சுட இந்த நாட்டில் சட்டம் இடமளிக்கிறது. களிமண் தட்டுச் சுடும் கழகங்களில் தங்கள் துவக்கைப் பெருமையோடு கையில் தரும் கிழவர்கள் நிறைய. வாங்கிய பிறகு 16 கெஜத்தில் பெரிய காகிதம் ஒன்றைக் கட்டி, நடுவில் புள்ளி வைத்து, குறிபார்க்காமல் சட்டென்று ஏற்றிச் சில முறை சுடுங்கள். சன்னக் கூட்டத்தின் நடு, புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் பிடங்கில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்த வேண்டும் என்பது துவக்குத் திருத்துபவர்களின் கணக்கு.

கணவரின் 12 கேஜும் மனைவியின் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே வேண்டாம். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் இடையில் சிக்கி நிற்கும். அதைக் கவனிக்காமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

அடுத்த பகுதியில் தோட்டாக்களைப் பற்றி எழுதுவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். வாத்துக்கு ஈயச் சன்னம் 1999 முதல் கனடா முழுவதும் தடை என்பதையும், துவக்குக்குள் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்புக் கட்டை போட வேண்டும் என்பதையும் அவர் மறக்கமாட்டார் என்று நம்புகிறேன். கூடவே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய, நுனி மிக இறுகிய குழலில் ஈயத்துக்குப் பதிலாக உருக்குச் சன்னம் போட்டுச் சுடுவதற்கு முன் அதைத் துவக்குத் திருத்துபவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லின்ட்சி, ஒன்ராறியோ