எண்ணிக்கை ஒன்றானால் உறவாகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆர்க்கிட்களின் மரபியல் பற்றி வந்த கட்டுரை, பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இரண்டு இனங்களும் நெருங்கிய சொந்தம் என்கிறது. அப்படிச் சொல்லிவிட முடியாது.

டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, டி, ஜி, சி ஆகியவற்றில் ஏ எழுத்தோ டி எழுத்தோ பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து வரும் குறுவரிசைகள் எளிதில் மாறுபவை. டி.என்.ஏ. நகலாகும்போது, சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிடுவதுபோல, புதிய இழை பழைய இழையில் ஓரிடம் தள்ளி ஒட்டிக்கொள்கிறது. புதிய இழையில் மடிப்பு விழுந்தால் ஓர் எழுத்து கூடும்; பழைய இழையில் விழுந்தால் ஒன்று குறையும். வரிசை நீள நீளச் சறுக்கலும் கூடும். பத்து பதினொன்றாகும், திரும்பவும் பத்தாகும். தூரத்து இனங்கள் இரண்டிலும் 11 ஏ இருப்பது வெறும் தற்செயலாக இருக்கலாம்.

பெரிய மீள்வரிசையின் போக்கு இதற்கு நேர்மாறு. 2006இல் வெளியான பலேனாப்சிஸ் அஃப்ரோடிடே ஆர்க்கிட்டின் பசுங்கணிக மரபுத்தொகுதி 1,48,964 இணைகள் (இரு இழைகளிலும் எதிரெதிராக ஜோடி சேர்ந்த எழுத்துகள்) கொண்டது. அதில் 25,732 இணைகள் உள்ள ஒரு பகுதி தலைகீழாக இன்னொரு முறையும் வருகிறது; இதுவே அந்த மீள்வரிசை. ஒரு படியில் (நகலில்) பிழை விழுந்தால் மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழி இருப்பதால், உள்ளே மாற்றம் மெதுவாகவே நடக்கிறது. நகர்வது அதன் விளிம்புதான். இரு படிகளுக்கும் இடையிலுள்ள சிறிய தனிப்பகுதி புகையிலையில் ஏறக்குறைய 18,500 இணைகள். இந்த ஆர்க்கிட்டில் 11,543 மட்டுமே. ஒளிச்சேர்க்கைக்குத் துணைசெய்யும் ஒரு புரதக் கூட்டை உருவாக்கும் என்.டி.எச். வகை மரபணுக்கள் பதினொன்றில் ஒன்றுகூட இங்கே முழுதாக இல்லை. சில காணாமலே போயின, மற்றவை சிதைந்து கிடக்கின்றன. அவற்றுள் என்.டி.எச்.எஃப். அந்த விளிம்பை ஒட்டியது. அது அழிந்த ஆர்க்கிட்கள் பலவற்றில் எல்லையும் இடம் மாறியிருக்கிறது. உறவைத் தேடுபவர்களுக்கு எழுத்து எண்ணிக்கையைவிட இது நல்ல தடயம். ஆனால் என்.டி.எச். இழப்பே ஆர்க்கிட் குடும்பத்தில் பல கிளைகளில் தனித்தனியாக நேர்ந்திருப்பதால், இதையும் தனியே நம்பக்கூடாது.

கட்டுரையில் இருந்த ஒப்பீட்டு அட்டவணைக்கும் ஒரு திருத்தம் வேண்டும். ஓர் ஆய்வு குறைந்தது 10 எழுத்து என்று வரம்பு வைத்து, இன்னொன்று 8 என்று வைத்தால், இரண்டின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் போடவே கூடாது. மூல வரிசைகளை எடுத்து, ஒரே வரம்பில் (ஓரெழுத்து திரும்ப வந்தால் 10, ஈரெழுத்துக் கூட்டு என்றால் 5, மூவெழுத்துக் கூட்டு என்றால் 4 முறை என்பது பரவலான வழக்கம்) மறுபடி எண்ண வேண்டும். தலைகீழ்ப் பகுதியின் ஒரு படியை முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ளவை எல்லாம் இருமுறை கணக்கில் ஏறும்.

ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் குழாய்க்குள்ளும் அதே சறுக்கல் நடக்கும் என்பது பலருக்கும் மறந்துபோகிறது. நீண்ட ஏ வரிசையைத் தாண்டியதும் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாங்கர் முறையின் வரைபடத்தில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் படித்தாக வேண்டும். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு வாசிப்பு என்றால், வரிசையின் இருபுறமும் வேற்றெழுத்துகள் வரை நீளும் துண்டுகளை மட்டும் எண்ணுவதே சரி.

கடைத்தெருக் கலப்பினங்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே வருவது. மகரந்தம் தந்த செடி எதுவென்று இந்த வரிசைகள் காட்டாது. அதற்கு உட்கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தாவர மரபியல் வாசகர்